கிராண்டை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைத்தளபதிகளாக இருந்து ஜனாதிபதி ஆனவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் வாசித்தேன். நல்ல முயற்சி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வடக்குப் படையை நடத்திப் பிறகு ஜனாதிபதியான யுலிசிஸ் கிராண்ட் வரும் இடத்தில் மனம் குழம்பிவிட்டது. குடிகாரர், ஆட்களைப் பலிகொடுத்து வென்றவர், ஊழல் ஆட்சி நடத்தியவர், இவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வரி. என்னிடம் வரலாறு படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி அந்தப் பக்கத்தை வெட்டித் தன் கொப்பியில் ஒட்டியும் வைத்துவிட்டாள். முப்பது வருடம் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீண்டுதான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மூன்று குற்றச்சாட்டையும் பார்த்துவிடுவோம். குடி இருந்தது, அது பொய்யில்லை. 1854இல் கலிபோர்னியாவில் மனைவி பிள்ளைகளைப் பிரிந்து தனியே கிடந்த காலத்தில் குடித்தார் என்றும், அதனால்தான் இராணுவத்தை விட்டு விலகினார் என்றும் அப்போதே கதைத்தார்கள், அந்தக் கதை சாகும்வரை அவரை விடவில்லை. ஆட்கள் செத்ததும் உண்மை. 1864 ஜூனில் கோல்ட் ஹார்பரில் நடத்திய கடைசித் தாக்குதலுக்காகத் தான் எப்போதும் வருந்துவதாக அவரே பிற்காலத்தில் எழுதினார். தான் கொடுத்த கட்டளை பிழை என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட தளபதிகள் எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஊழலும் நடந்தது. விஸ்கி வரியைக் களவெடுத்த கூட்டத்தில் அவருடைய செயலாளர் மீதே வழக்கு வந்தது, 1876இல் யுத்த அமைச்சர் பெல்க்னாப் கையூட்டு விவகாரத்தில் பதவி விலகினார். சிநேகிதர் என்று ஒருவரை நம்பினால் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஆள் கிராண்ட், அது நாட்டை ஆள்பவருக்குப் பெரிய குறைதான். ஆனால் அவர் தன் பையை நிரப்பவில்லை. எட்டு வருடம் ஜனாதிபதியாக இருந்த மனிதர் 1884இல் ஒரு மோசடிக்காரனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கையில் காசில்லாமல் நின்றார். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவருடைய தொடக்கம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது. 1822இல் ஒஹாயோவில் பிறந்தார், தகப்பன் தோல் பதனிடுகிறவர். அந்த இரத்தமும் நாற்றமும் பிடிக்காமல் வண்டியும் குதிரையுமாகவே திரிந்த பிள்ளை. வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் 39 பேரில் 21ஆம் ஆளாகத் தேறினார், படிப்பில் சாதாரணம், குதிரையில் அவரை வெல்ல ஆளில்லை. இராணுவத்தை விட்டு வந்தபின் சென்ட் லூயிஸ் நகரத் தெருக்களில் விறகு விற்றார். 1857 நத்தாருக்கு இரண்டு நாள் முன்னால் சட்டைப்பையில் வைக்கிற பொன் கடிகாரம் ஒன்றை 22 டொலருக்கு அடகு வைத்தார், அந்த அடகுச் சீட்டு இன்றும் பேசப்படுகிறது. அந்த வறுமைக்குள்ளே 1859இல் ஒரு காரியம் செய்தார். அவர் மனைவியின் குடும்பம் அடிமைகளை வைத்திருந்த குடும்பம், அந்த வழியில் வில்லியம் ஜோன்ஸ் என்ற ஓர் அடிமை அவர் கைக்கு வந்திருந்தார். விற்றிருந்தால் அந்த நாளில் பெரிய காசு, கடன் எல்லாம் தீர்ந்திருக்கும். நீதிமன்றத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து அவரை விடுதலை செய்தார். பிறகு தகப்பனின் தோல் கடையில் தம்பிமாரோடு வேலை பார்த்தார். 1861இல் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டு யுத்தம் தொடங்கும்போது 38 வயது, ஊரில் யாரும் பெரிதாகக் கணக்கெடுக்காத மனிதர். மூன்று வருடத்தில் முழு வடக்குப் படைக்கும் தளபதி.

டொனல்சன் கோட்டை, ஷைலோ, விக்ஸ்பேர்க் என்று யுத்தக்களங்களைச் சொல்லிக்கொண்டே போகலாம், அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது 1865 ஏப்ரல் 9ஆம் திகதி பின்னேரத்தைப் பற்றி.

வேர்ஜீனியாவில் அப்போமற்றொக்ஸ் என்ற சிறிய ஊர். அங்கே மக்லீன் என்பவருடைய வீட்டு முன்னறை. தெற்குப் படையின் தளபதி ரொபேர்ட் லீ புது உடையில், இடுப்பில் நல்ல வாளோடு வந்திருந்தார். கிராண்ட் சேறு படிந்த சாதாரண சிப்பாய்ச் சட்டையில் தோள்பட்டியை மட்டும் தைத்துக்கொண்டு வந்து இருந்தார். (அந்த வீட்டுக்காரர் 1861இல் தன் தோட்டத்துக்குள்ளேயே சண்டை வந்ததால் இடம்பெயர்ந்து, சண்டை வராத இடம் என்று தேடி இங்கே வந்தவர். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அவரைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.) நிபந்தனைகளைக் கிராண்ட் தானே பென்சிலால் எழுதினார். ஆயுதத்தைக் கீழே வையுங்கள், திரும்ப எடுப்பதில்லை என்று சத்தியம் செய்யுங்கள், வீட்டுக்குப் போங்கள், அந்தச் சத்தியத்தையும் சட்டத்தையும் மதித்து நடக்கும்வரை அரசாங்கம் உங்களைத் தொடாது. இவ்வளவுதான் சாரம். அதை மையில் பிரதி எடுத்துக் கொடுத்தவர் எலி பார்க்கர், செனெக்கா என்ற செவ்விந்திய இனத்தைச் சேர்ந்த அதிகாரி.

எழுதி முடிந்த பிறகு லீ ஒரு விஷயம் சொன்னார். எங்கள் படையில் குதிரைகள் அரசாங்கத்தின் சொத்தில்லை, குதிரைப்படைக்காரரும் பீரங்கிப்படைக்காரரும் வீட்டிலிருந்து தங்கள் சொந்தக் குதிரையைக் கொண்டுவந்தவர்கள் என்று. நிபந்தனையில் அதிகாரிகளின் குதிரைக்கு மட்டும்தான் விலக்கு இருந்தது. கிராண்ட் கொஞ்சம் யோசித்தார். இவர்களில் முக்கால்வாசிப் பேர் சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள், இரண்டு படைகளும் மிதித்த நிலம், இப்போது ஏப்ரல், இந்தக் குதிரை இல்லாவிட்டால் வரும் குளிருக்குக் குடும்பம் சாப்பிடப் பயிர் வைக்க முடியாது. எழுதியதை மாற்றவில்லை, ஆனால் தன் அதிகாரிகளைக் கூப்பிட்டு, குதிரையோ கோவேறு கழுதையோ என்னுடையது என்று எவன் சொன்னாலும் கொண்டுபோக விடுங்கள் என்று கட்டளை போட்டார். சாட்சி கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை. லீயின் ஆட்கள் நாட்கணக்காக ஒழுங்காகச் சாப்பிடாமல் கிடந்தார்கள். அவர்களுக்கு 25,000 பேருக்கான உணவும் அனுப்பினார்.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஐயாவின் ஞாபகம் வரும். எங்களுக்குச் செம்பாட்டு மண்ணில் பத்துப் பரப்புத் தோட்டம், வெங்காயமும் புகையிலையும். ஐயாவிடம் ஒரு சோடி மாடு இருந்தது, எங்களைக் கூப்பிடுவதைவிட அதுகளைத்தான் அன்பாகக் கூப்பிடுவார் என்று அம்மா சொல்லுவா. 1995 ஒக்டோபர் 30, அந்த மழை இரவில் யுத்தத்துக்குப் பயந்து எங்கள் வலிகாமம் பகுதி முழுக்க எழும்பி நடந்தபோது அந்தச் சனத்துக்குள் மாட்டைக் கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடக்க முடியாது என்று, கட்டி வைத்துப் பட்டினியில் சாகவிடவும் மனமில்லாமல், ஐயா இரண்டின் கயிற்றையும் அறுத்துவிட்டு வந்தார். கொடிகாமத்தில் ஆறு மாதம் இருந்தோம். 1996 ஏப்ரலில் திரும்பி வந்தால் வீட்டில் கதவு இல்லை, நிலை இல்லை, துலா இல்லை, மாடும் இல்லை. யார் கொண்டுபோனது என்று இன்றுவரை தெரியாது, நான் யாரையும் சொல்ல வரவில்லை. ஐயா சைக்கிளில் ஊர் ஊராகக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் தேடினார். வீடு போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாடு கிடைத்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளுவன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் போகமும் அடுத்த போகமும் தோட்டம் புல்லாகவே கிடந்தது.

அதனால்தான் எனக்கு அந்தக் குதிரை விஷயம் சின்ன விஷயமாகத் தெரிவதில்லை. நான்கு வருடம் சண்டை பிடித்து, ஆறு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் செத்து முடிந்த அன்று, வென்ற தளபதி அந்த அறைக்குள் இருந்துகொண்டு எதிரியின் தோட்டத்தில் அடுத்த போகம் எப்படி விளையும் என்று யோசித்திருக்கிறார். விறகு விற்ற, தன் கையால் நிலம் உழுத ஒருவருக்குத்தான் அது அந்த நேரத்தில் தோன்றும் என்று நினைக்கிறேன்.

அதோடு முடியவில்லை. சரணடைந்த செய்தி கேட்டதும் வடக்குப் படையினர் பீரங்கி முழக்கிக் கொண்டாடத் தொடங்கினார்கள், கிராண்ட் உடனே நிறுத்தச் சொன்னார். அவர்கள் இப்போது எங்கள் நாட்டு மனிதர், அவர்களின் வீழ்ச்சியை நாங்கள் கொண்டாடக் கூடாது என்பது அவர் எண்ணம். அவ்வளவு காலம் அவ்வளவு துணிவாகப் போராடிய எதிரி விழுந்ததைக் கண்டு சந்தோஷம் வரவில்லை, துக்கம்தான் வந்தது என்று பிற்காலத்தில் எழுதினார். தெற்கின் தலைநகரம் ரிச்மண்ட் விழுந்தபோதும் அந்த நகரத்துக்குள் வெற்றி ஊர்வலமாக அவர் போகவில்லை. அதே வருடம் ஜூனில் லீ மீது தேசத்துரோகக் குற்றச்சாட்டு வந்தது. நான் கொடுத்த வாக்கை மீறி அவர்களைப் பிடிப்பதென்றால் பதவியை விட்டுப் போகிறேன் என்று கிராண்ட் ஜனாதிபதி ஜோன்சனிடம் நேரே சொல்லிவிட்டார். வழக்கு அதோடு நின்றது.

இங்கே ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும், இதை என் மாணவர்களுக்கும் சொல்வதுண்டு. தோற்றவர்கள் என்பதற்காகத் தெற்குப் படையை எங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். அவர்கள் போராடியது நாற்பது இலட்சம் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பதற்காக. மனிதர் போராடிய காரணங்களுக்குள் மிக மோசமான காரணங்களில் அதுவும் ஒன்று என்று கிராண்டே எழுதியிருக்கிறார். அந்த யுத்தத்தில் உண்மையில் நசுக்கப்பட்ட மக்கள் யார் என்று கேட்டால் அந்த நாற்பது இலட்சம் பேர்தான். அவர்களுக்குக் கிராண்ட் என்ன செய்தார் என்பதுதான் உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட வராதது, எனக்கு அதுதான் பெரிய மனவருத்தம்.

1868இல் ஜனாதிபதியாகத் தெரிவானார், வயது 46. கறுப்பின ஆண்களின் வாக்குரிமையை நிற்பாட்டக் கூடாது என்ற 15ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1870இல் நிறைவேறியது, அவர் அதற்காக நின்றார். அதே வருடம் நீதித் திணைக்களம் அமைந்தது. அப்போது தெற்கில் கு கிளக்ஸ் கிளான் என்ற முகமூடிக் கூட்டம் இரவில் வீடு வீடாகப் போய் வாக்களித்தவர்களையும் பள்ளிக்கூடம் நடத்தியவர்களையும் அடித்துக் கொன்றுகொண்டிருந்தது. உள்ளூர் பொலிசும் நீதிமன்றமும் கண்டும் காணாதது போல இருந்தன, பல இடங்களில் அந்த முகமூடிக்குள் இருந்ததே அவர்கள்தான். 1871இல் கிளானுக்கு எதிரான சட்டம் வந்தது. தென் கரோலினாவில் ஒன்பது மாவட்டங்களில் கிராண்ட் ஆட்கொணர்வு மனு உரிமையை இடைநிறுத்தி, படையை அனுப்பி, நூற்றுக்கணக்கானவர்களைக் கைது செய்வித்து, கறுப்பினத்தவரும் இருந்த ஜூரிகள் முன்னால் வழக்கு நடத்தினார். அந்த வழக்குகளை முன்நின்று நடத்திய சட்டமா அதிபர் அக்கர்மன் ஒருகாலத்தில் தெற்குப் படையிலேயே இருந்தவர். ஒன்றிரண்டு வருடத்தில் அந்த முதல் கிளான் உடைந்தே போனது.

அவசரகால அதிகாரம் என்றாலே எங்களுக்கு உடம்பு நடுங்கும், அது எப்படிப் பாவிக்கப்படும் என்று வாழ்ந்து அறிந்தவர்கள் நாங்கள். ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டு காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு வருடக்கணக்காகத் தெருவில் இருக்கும் தாய்மாரை நாங்கள் ஒவ்வொரு நாளும் காண்கிறோம். அதனால் இந்த இடத்தை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பலவீனமான பக்கத்தைக் காப்பாற்றுவதற்காக ஓர் அரசு அந்த அதிகாரத்தைக் கையில் எடுத்ததும், குறித்த இடத்தில் குறித்த காலத்துக்கு மட்டும் பாவித்ததும், பிடித்தவர்களைப் பகிரங்க நீதிமன்றத்தில் நிறுத்தியதும் உலக வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை. தோற்ற சிப்பாயை வீட்டுக்கு அனுப்பிய அதே கைதான், இரவில் முகமூடியோடு வந்தவனைக் கூண்டில் ஏற்றியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதரை விளங்கும்.

கடைசிவரை அப்படியே நின்றார் என்றும் சொல்ல முடியாது. 1873இல் பொருளாதாரம் விழுந்தது, வடக்கில் சனம் களைத்துவிட்டது, 1875 தேர்தலில் மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர்களை வெட்டியும் சுட்டும் விரட்டியபோது அந்த மாநில ஆளுநர் படை கேட்டார், கிராண்ட் அனுப்பவில்லை. 1877இல் அவருக்குப் பின் வந்தவர் மிச்சப் படையையும் காவலிலிருந்து எடுத்தார். பிறகு 1965 வரை, கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம், அந்த மக்களுக்கு வாக்குரிமை தாளில் மட்டும்தான் இருந்தது. செவ்விந்தியர் விஷயத்திலும் இப்படித்தான். எலி பார்க்கரையே அவர்கள் விவகாரத்துக்குப் பொறுப்பாக நியமித்தார், நல்லெண்ணத்தோடு தொடங்கினார், ஆனால் கரும்மலைப் பகுதியில் பொன் கிடைத்ததும் உடன்படிக்கையும் போய் நிலமும் போய் 1876இல் யுத்தத்தில் முடிந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

மறைக்கக் கூடாத இன்னொன்று. 1862 டிசம்பர் 17ஆம் திகதி, தன் பொறுப்பில் இருந்த பிரதேசத்திலிருந்து யூதர்கள் எல்லோரும் 24 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கிராண்ட் கட்டளை போட்டார். சில வியாபாரிகள் பருத்தியைக் களவாகக் கடத்தினார்கள் என்று முழு இனத்துக்கும் தண்டனை. கென்ரக்கி மாநிலத்தில் பதூக்கா என்ற ஊரில் குடும்பங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளியேறின. அங்கிருந்து ஒருவர் வொஷிங்டன் போய் லிங்கனிடம் முறையிட்டார், 1863 ஜனவரி தொடக்கத்திலேயே லிங்கன் அந்தக் கட்டளையை நீக்கினார்.

இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் எவருக்கும் 1990 ஒக்டோபர் 30 ஞாபகம் வராமல் இருக்காது. சோனகதெருவிலும் அயலிலும் எங்களோடு பிறந்து எங்களோடு தமிழ் கதைத்து வளர்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றினார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். சரியாக ஐந்து வருடம் கழித்து அதே திகதியில் நாங்கள் நடந்தோம். என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த ஒருவரும் அன்று போனார். பள்ளிக்கூடத்தின் சோக்குப் பெட்டியையும் வருகைப் பதிவேட்டையும் என் கையில் தந்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சோதனை கிட்டுகிறது, பார்த்துக்கொள்ளுங்கோ மாஸ்ரர் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு இன்றுவரை எனக்கு மன்னிப்பில்லை.

கிராண்ட் அந்தக் கட்டளைக்காகப் பிறகு வெட்கப்பட்டார். யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்று 1868இல் எழுத்தில் ஒப்புக்கொண்டார். தனக்கு முன்னால் இருந்த ஜனாதிபதிகள் எவரையும்விடக் கூடுதலான யூதர்களை அரச பதவிகளில் அமர்த்தினார். 1876 ஜூனில் வொஷிங்டனில் ஒரு யூதத் தொழுகைக்கூடம் திறந்தபோது ஜனாதிபதியாகப் போய் மூன்று மணி நேரம் இருந்து முழுச் சடங்கையும் பார்த்துவிட்டு, கட்டட நிதிக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தார். போய் இருப்பதால் நடந்தது அழியாதுதான். ஆனாலும் போனார். எங்கள் பக்கத்தில் அப்படிப் போய் இருந்தவர்கள் குறைவு.

இனி 1884. சேர்த்து வைத்தது எல்லாம் பேர்டினண்ட் வோர்ட் என்பவனின் மோசடியில் போனது. அதே வருடம் தொண்டையில் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள், வாழ்நாள் முழுக்கப் பிடித்த சுருட்டு. தான் செத்தால் மனைவிக்கு ஒன்றும் இல்லை என்று விளங்கியது. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் நல்ல உடன்படிக்கையோடு வந்து உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள், நான் பதிப்பிக்கிறேன் என்றார். எழுதினார். விழுங்க முடியாது, கடைசி மாதங்களில் பேசவும் முடியாது, வேண்டியதைச் சின்னத் துண்டுகளில் எழுதிக் காட்டினார். நியூயோர்க் மாநிலத்தில் மக்கிரெகர் மலையில் ஒரு சின்ன வீட்டின் திண்ணையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கதிரையில் இருந்து இரண்டு பாகங்களையும் முடித்தார். முடித்துச் சில நாட்களில், 1885 ஜூலை 23ஆம் திகதி, 63 வயதில் இறந்தார். அந்தப் புத்தகத்தால் மனைவி ஜூலியாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ நாலரை இலட்சம் டொலர்.

அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்த மலைக்கு ஒருவர் பார்க்க வந்தார். பெயர் சைமன் பக்னர். இருவரும் கல்லூரிச் சிநேகிதர்கள். 1854இல் கிராண்ட் வேலையும் காசும் இல்லாமல் நியூயோர்க்கில் அகப்பட்டு நின்றபோது கைகொடுத்தவர் பக்னர். 1862இல் டொனல்சன் கோட்டையில் தெற்குப் படையின் பக்கம் நின்று, நிபந்தனை இல்லாமல் சரணடைய வேண்டும் என்ற கிராண்டின் பிரபலமான கடிதத்தைப் பெற்றுக்கொண்டு கோட்டையை ஒப்படைத்தவரும் இதே பக்னர்தான். கைதியாகப் போகும் நேரத்தில் கிராண்ட் தனியே வந்து, காசு ஏதும் தேவையென்றால் என் பணப்பை இருக்கிறது என்று சொன்னாராம், பக்னரே பின்னாளில் சொன்னது. 1885 ஓகஸ்டில் நியூயோர்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்தில் வடக்கின் தளபதிகள் ஷேர்மனும் ஷெரிடனும் பிரேதத்தோடு போனார்கள், அவர்களோடு சேர்ந்து தெற்கின் தளபதிகள் ஜோசப் ஜோன்ஸ்டனும் பக்னரும் போனார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையாளர் மீது எனக்குக் கோபம் இல்லை, நீண்ட பட்டியலில் எல்லோருக்கும் இடம் கொடுக்க முடியாது என்பது விளங்குகிறது. ஆனால் எங்கள் மண்ணில், வென்றவர் தோற்றவரை எப்படி நடத்தினார் என்ற கேள்வியோடு பிள்ளைகள் வளர்கிறார்கள், அவர்களுக்குக் கிராண்டைக் குடிகாரர் என்று மட்டும் அறிமுகம் செய்யக் கூடாது. வரும் ஏதாவது ஒரு ஞாயிறில் அவருக்கென்று அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அந்தக் குதிரைகளையும், கிளான் வழக்குகளையும், யூதர்களை வெளியேற்றிய கட்டளையையும், மூன்றையும் விடாமல் போடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். அந்தப் பிள்ளையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், கொப்பியில் பக்கத்துப் பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்